எழுத்து வரும் பெட்டி

செந்தாமரைக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும், கை பேச ஆரம்பித்துவிடும். அன்று காலை கோயில் களத்தில் அவள் சுத்தியலால் புளி தட்டிய வேகத்தைப் பார்த்து, எதிரே இருந்த மணியம்மாள் சற்றுத் தள்ளியே உட்கார்ந்துகொண்டாள். அந்தச் சுத்தியல் யார் தலையில் விழவேண்டியது என்பது களத்தில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணுவுக்கு ஒன்று, செந்தாமரையின் கொழுந்தன் இளவழகனுக்கு ஒன்று. அகப்பட்டது என்னவோ புளிதான்.

நெல்லிவாசல்நாட்டில் ஒரு மூலையில் கிடக்கிற அந்த மலையூரில், காளியம்மன் கோயிலைச் சுற்றி நிற்கும் புளியமரங்கள் அம்மனுக்குச் சொந்தம். ஆண்கள் மரமேறி உலுக்குவார்கள். அது ஒரு வாரக் கொண்டாட்டம், சாராய வாசனைகூட இருக்கும். அதன்பிறகு பொறுக்கி, காயவைத்து, ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை தட்டி எடுக்கிற, இடுப்பு ஒடிகிற வேலை முழுக்கப் பெண்களுடையது. வீட்டுக்கு இத்தனை ஆள் என்று கணக்கு உண்டு. ஆள் அனுப்பாத வீட்டுக்குத் திருவிழாவில் விபூதிகூடக் கடைசியில்தான். விற்ற காசில் ஊருக்குப் பொதுவாக ஏதாவது ஒரு சாமான் வாங்குவார்கள். ஒரு வருஷம் அண்டா, ஒரு வருஷம் தார்ப்பாய், போன வருஷம் சமுதாயக் கூடத்துச் சுவரை அடைக்கிற அளவுக்கு ஒரு டிவி. எதை வாங்குவது என்று முடிவு செய்வதும், காசை மடியில் கட்டிக்கொண்டு மலையிறங்குவதும் ஆண்கள். பெண் தொட்டால் அம்மன் காசுக்குத் தீட்டாம். அதே அம்மன் புளியை வாரக்கணக்கில் மடியில் கொட்டிவைத்து உரித்தால் தீட்டு இல்லை. அம்மனே ஒரு பெண்தானே என்று யாராவது அவளிடமே கேட்டுச் சொன்னால் தேவலை.

டிவி வந்ததே தவிர, நிம்மதி வரவில்லை. மலைக்காற்று டிஷ்ஷைத் திருப்பித் திருப்பி வைத்தது. ரீசார்ஜ் செய்வது யார் முறை என்று சண்டை. மழைக்கால ஈரத்தில் டிவிக்குள் இருந்த ஸ்பீக்கர் வேறு செத்துத் தொலைந்தது. போனில் பார்க்கலாம் என்றால் சிக்னலுக்குப் பாறை உச்சிக்கு ஏறவேண்டும். ஆகவே, படங்களை நிரப்பிய டிஸ்க்கைச் செருகினால் நெட் இல்லாமல் தானே ஓட்டுகிற ஒரு பிளேயர் பெட்டி, கூடவே நல்ல ஸ்பீக்கர் என்று இந்த வருஷம் பேச்சு வந்தது. நியாயமான பேச்சுதான். செந்தாமரைக்கு அதில் சண்டை இல்லை. எந்தப் பெட்டி என்பதில்தான் சண்டை.

அவள் மகள் அருணாவுக்குக் காது கேட்காது, பிறந்ததிலிருந்தே. வேலூர்ப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படிக்கிறாள், கெட்டிக்காரி. கோடை விடுமுறைக்கு வந்திருந்தாள். அப்பன் கோபால்சாமி குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டதால் வீட்டில் இவர்கள் இரண்டே பேர். அவர்களுக்குள் கையும் கண்ணுமாக ஒரு பாஷை உண்டு. அதற்குப் பிடிபடாததை அருணா போனில் தமிழில் தட்டிக் காட்டுவாள்.

போன வருஷம் அந்தப் புது டிவி முன்னால் ஊரே உட்கார்ந்து படம் பார்த்தபோது செந்தாமரை ஒன்றைக் கவனித்தாள். கூட்டம் சிரிக்கும். அருணா சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு சிரிப்பாள். எப்போது நிறுத்துவது என்று தெரியாமல், எல்லாரும் நிறுத்திய பிறகும் கொஞ்சநேரம் சிரித்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்த அன்றைக்குச் செந்தாமரைக்குச் சோறு இறங்கவில்லை.

அருணாவின் பள்ளியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே டீச்சர்கள் உட்கார்ந்து படத்தின் வசனத்தைத் தமிழில் தட்டி, திரையின் அடியில் எழுத்தாக ஓடவிடுகிறார்கள். அதை ஓட்டுவது ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், சோற்று டப்பா அளவுதான் இருக்கும். கம்பெனிகள் கழித்துக்கட்டிய அந்த மாதிரிப் பெட்டிகளைத் திருப்பத்தூரிலேயே ஒரு கடையில் சல்லிசாக விற்கிறார்கள். புதுப் பிளேயர் வாங்கும் காசில் பாதிகூட ஆகாது, மிச்சத்தில் ஸ்பீக்கரும் வாங்கலாம். மலிவான புதுப் பெட்டிகள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பள்ளியில் முதலில் அப்படி ஒன்றை வாங்கி, எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்ததால் தூக்கி மூலையில் போட்டார்களாம். இத்தனையையும் அருணா அம்மாவுக்குப் படம் வரைந்தே விளக்கியிருந்தாள்.

அதைத்தான் செந்தாமரை முந்தின நாள் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு போவதுதான் வழக்கம். எழுந்து நின்றதே பெரிய விஷயம். ராஜாக்கண்ணு குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். கேட்டு முடித்துவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

“அம்மன் காசுல பழசு வாங்கறதாமா? எவனோ தொட்டுப் பொழங்கி, வேணாம்னு கழிச்சுப் போட்டது எச்சி. எச்சியக் கொண்டாந்து அம்மன் முன்னாடி வெச்சுத் தேங்கா ஒடைக்க என்னால ஆவாது.”

“உண்டியல்ல வுழற நோட்டு மட்டும் இன்னா மாமா, அச்சடிச்ச எடத்துலேர்ந்து நேரா வர்துங்களா? அத்த எத்தினி கை தொட்டுதோ.”

பின்வரிசை சிரித்தது. முன்வரிசைக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது இளவழகன் எழுந்தான். திருப்பத்தூரில் ஒரு செல்போன் கடையில் கொஞ்சநாள் ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்தவன். அந்தக் கொஞ்சநாளில் மலைக்கே எலக்ட்ரானிக்ஸ் மேதையாகித் திரும்பியிருந்தான். டிவியின் பின்னால் செருகுகிற குச்சி மாதிரி ஒன்று இருக்கிறதே, அதை வாங்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, அது நெட் இல்லாமல் முதல் திரையைக்கூடத் தாண்டாது என்று சொன்னான். அதுவரை சரி. பிறகுதான் தன் சரக்கை எடுத்துவிட்டான். புதுப் பெட்டி ஒன்று, அதோடு சேர்ந்தே வருகிற ஐந்து ஸ்பீக்கர், தவில் அளவுக்கு ஒரு பேஸ். சண்டைக் காட்சி வந்தால் நெஞ்சுக்கூடு அதிரும் என்றான். நெஞ்சுக்கூடு என்றதுமே முன்வரிசையில் அத்தனை முகமும் மலர்ந்துவிட்டது.

கூட்டம் கலையும்போது செந்தாமரை இறங்கித்தான் வந்தாள். புதுசே வாங்குங்கள், ஆனால் எழுத்து வருகிற புதுசாகப் பார்த்து வாங்குங்கள் என்றாள். டீச்சர் எழுத்துப் போட்டுத் தந்த ஒரு சிரிப்புப் படம் அருணாவின் பென் டிரைவில் இருந்தது. அதை இளவழகன் கையில் வைத்து அழுத்தினாள்.

“கடையிலியே இத்தப் போட்டுப் பாரு. எழுத்து எழுத்தா வந்தா வாங்கு. கட்டமா வந்தா வாங்காத, வேற பெட்டி கேளு. அவ்ளோதான் நான் ஒன்னக் கேக்கறது.”

அருணா எனக்கும் பெண் மாதிரிதான், இதைக்கூடப் பார்த்து வாங்கமாட்டேனா என்று இளவழகன் உருகினான். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டு, அதன்மேல் தட்டியும் காட்டினான்.

ஆகவே அடுத்தநாள் காலை களத்தில் சுத்தியல் அடித்த அடியில் பாதிதான் கோபம், மீதி நம்பிக்கை. அருணாவும் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை எடுத்தாள். காது கேட்காத பெண்ணுக்குக் கை வேகம், பேச்சில் நேரம் போவதில்லை. ஊர்க்கவுண்டர் வந்து பார்த்துவிட்டு, இந்த வருஷம் இவளை அரை ஆளாக வைக்கக்கூடாது, முழு ஆளாகவே சேருங்கள் என்று தாராளமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

புளி விற்று, இளவழகனும் இன்னும் இரண்டு ஆண்களும் கீழே போய், சாயங்கால ஜீப்பில் அட்டைப் பெட்டிகளோடு ஏறி வந்தார்கள். ஜீப் நிற்பதற்குள் செந்தாமரை போய் நின்றாள். போட்டுப் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் அண்ணி, எல்லாம் வருது என்றான். அவன் அப்போது பேஸ் ஸ்பீக்கரை அம்மன் விக்கிரகத்தைத் தூக்குவதுபோலத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்ததால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுச் சேவலை அடித்துக் குழம்பு வைத்து, கொழுந்தனுக்கு ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தனுப்பினாள். அந்தச் சேவலை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சமுதாயக் கூடம் நிரம்பிவிட்டது. கோயிலில் வைத்துத் தேங்காய் உடைத்து எடுத்துவந்திருந்தார்கள். கறுப்புப் பெட்டிகள் எல்லாம் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு மூலைக்கொன்றாக நின்றன. அருணா பள்ளி திறந்து கிளம்பப் போகிறாள், அவள் படத்தையே முதலில் போடுங்கள் என்று ராஜாக்கண்ணுதான் சொன்னார். மனிதர் கெட்டவர் இல்லை. அருணா எண்ணெய் வைத்துத் தலை பின்னி, முதல் வரிசையில் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தாள். அவ்வப்போது அம்மாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

இளவழகன் பட்டனை அழுத்தினான். கூரைத் தகரம் கிடுகிடுத்தது. வாசலில் படுத்திருந்த நாய்கள் காட்டைப் பார்த்து ஓடின. ஆண்கள் விசிலடித்தார்கள், ஒருவர் எழுந்துபோய் பேஸ் ஸ்பீக்கரின் மேல் கை வைத்துப் பார்த்து நெஞ்சைத் தடவிக்கொண்டார். பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்து, முதல் ஆள் வாய் திறந்து பேச ஆரம்பித்தான்.

திரையின் அடியில் வெள்ளைக் கட்டங்கள் வந்தன. கழுவிக் கவிழ்த்த தட்டுகள் மாதிரி, ஒழுங்காக, வரிசையாக. அவன் பேச்சு முடிந்ததும் போய், அடுத்தவன் பேசியதும் வேறு கட்டங்கள் வந்தன.

அருணா முன்னால் குனிந்து பார்த்தாள். முழங்காலில் நகர்ந்து இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்து, விரலால் காற்றில் ஒரு கட்டம் வரைந்து காட்டினாள். அவ்வளவுதான். திரும்பித் தன் இடத்தில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். படத்தில் யாரோ என்னவோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அருணா சுற்றிலும் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

செந்தாமரை எழுந்தபோது எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. யார் காலை மிதித்தாள், யார் மடியைத் தாண்டினாள் என்பதும் தெரியாது. இளவழகன் பெட்டிப் பக்கத்தில் ரிமோட்டோடு நாற்காலி போட்டு, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன்முன் போய் நின்றாள். கடையில் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டாள். சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கக் கேட்டாள். படம் ஓடிக்கொண்டிருக்கிறது, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றான். அவள் திரையை மறைத்து நின்றுகொண்டாள். அப்போதுதான் அவனுக்கும் சுருக்கென்றது.

“கடையிலயும் இப்டித்தான் அண்ணி வந்துச்சு. அப்டேட் பண்ணா சரியாய்டும்னு கடைக்காரன் சொன்னான்.”

“அப்டேட் எதுல வரும்?”

“நெட்ல.”

“நெட் எங்க இருக்குது?”

இளவழகன் ரிமோட்டைப் பார்த்தான். செல்போன் கடை மேதைக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியும், ஊருக்கே தெரியும்.

போட்டுப் பார்க்காமல் பொய் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். சோம்பேறி, மறந்துவிட்டான் என்று நாலு திட்டுத் திட்டி விட்டிருப்பாள். இவன் பார்த்திருக்கிறான். அவள் பெண் எதைப் பார்க்கப்போகிறாள் என்பதைக் கடையில் நின்று கண்ணால் பார்த்துவிட்டு, பரவாயில்லை, போதும் என்று காசை எண்ணிக் கொடுத்திருக்கிறான். பிறகு வந்து அவள் சேவலையும் தின்றிருக்கிறான். செந்தாமரைக்கு உச்சந்தலை கொதித்தது. அவள் பார்த்த பார்வையில் அவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். எழுந்தவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

“வேற பெட்டி எடுத்தா இந்த பேஸ் செட்டாவாதுன்னான் அண்ணி. நான் இன்னா பண்றது? ஒரு ஆளுக்காக ஊரே சத்தமில்லாம பாக்க முடியுமா?”

“ஒரு ஆளுன்னு நீயே சொல்லிட்ட. களத்துல ஒக்காந்து கொட்ட தட்டறப்ப அவ முழு ஆளு, கவுண்டர் மாமாவே சொன்னாரு. படம் பாக்க வந்து ஒக்காந்தா ஆளு இல்லாம பூடுவாளா?”

அவள் பெட்டியின் பின்னால் கையை விட்டாள். பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரே ஒரு ஒயர்தான். இந்தப் பக்கம் பிடுங்கினாள், அந்தப் பக்கமும் பிடுங்கினாள். தகரக் கூரையின் கிடுகிடுப்பு நின்றது. திரையில் மட்டும் ஆட்கள் வாயை வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

“சத்தமில்லாம ஊரே பாக்க முடியுமான்னு கேட்டியே. பாருங்க எல்லாரும்.”

ஆண்கள் பக்கம் சலசலத்தது. டிவி ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டச்சொல்லி ஒருவர் கத்தினார். டிவியின் ஸ்பீக்கர்தான் மழைக்காலத்திலேயே செத்துப்போயிற்றே. அவள் ஒயரோடு பின்வரிசைப் பெண்கள் பக்கம் போய்விட்டாள், இளவழகன் அதைப் பிடுங்கப் பின்னாலேயே வந்தான். மணியம்மாள் அவன் வழியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, வெற்றிலைப் பையை அவிழ்த்து, சாவகாசமாகப் பாக்குத் தேட ஆரம்பித்தாள். பின்வரிசையில் ஒரு பெண்ணும் அசையவில்லை. அவர்களைத் தாண்டி வர அவனுக்குத் தைரியம் இல்லை.

ராஜாக்கண்ணு முன்னால் நாற்காலியில் இருந்தார். கொஞ்சநேரம் கண்ணை இடுக்கிக்கொண்டு திரையில் பேசுகிறவன் வாயையே பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம், இவன் இப்போது என்ன சொல்கிறான் என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. மறுபக்கம் இருந்தவரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. திரையில் ஒரு பொம்பளை அழுதாள். அவள் எதற்கு அழுகிறாள் என்று கேட்டார்.

“எழுத்து வந்திருந்தா நீங்களே படிச்சிருக்கலாம் மாமா” என்றாள் செந்தாமரை.

ராஜாக்கண்ணு நாலாவது வரை படித்தவர். பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படிப்பார். அவர் அடியில் ஓடிய கட்டங்களைப் பார்த்தார். முன்வரிசையில், இந்தக் கூத்து எதுவும் காதில் விழாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்த அருணாவின் பின்னலைப் பார்த்தார். பிறகு செந்தாமரையைப் பார்க்காமல், பொதுவாகச் சொன்னார்.

“ஒடைக்கற தேங்கா அழுவிப் போயிருந்தா வேற ஒண்ணு ஒடைக்கறோம் இல்ல. இதுவும் அழுவல்தான். கடையில திருப்பிக் குடுத்துட்டு, அந்தப் பழசையே எடுத்துக்கினு வாங்க. மஞ்சத் தண்ணி தெளிச்சு உள்ள வெச்சுக்கலாம்.”

எடுத்த சாமானைக் கடைக்காரன் திரும்ப வாங்குவானா என்று இளவழகன் முனகினான். வாங்காவிட்டால் கடை வாசலிலேயே உட்கார்ந்துகொள்வதாகச் செந்தாமரை சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்தால் கடைக்காரன் வாங்கிவிடுவான் என்றே எல்லாருக்கும் பட்டது. காலை ஜீப்பில் நானும் அருணாவும் போகிறோம், பெட்டியை அருணாவே போட்டுப் பார்த்து எடுக்கட்டும் என்றாள். பெண்கள் போவதா என்று யாரோ இழுத்தார்கள். கையில் எடுத்துப்போவது அம்மன் காசு இல்லை, அம்மன் சாமான்தான், சாமான் சுமக்கப் பெண்களுக்கு எந்தக் காலத்திலும் தீட்டு இருந்ததில்லையே என்றாள். ராஜாக்கண்ணு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். அவர் வாயில் வெற்றிலை போனால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அதற்குமேல் இளவழகன் குரலை இறக்கிக்கொண்டு வந்தான். அதான் முடிவாகிவிட்டதே அண்ணி, இன்னைக்கு மட்டும் ஒயரைக் கொடுங்கள், படம் பாதியில் நிற்கிறது என்றான். படம் எங்கே நிற்கிறது, ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்றாள். ஒயரைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கோபம் தணியவில்லை. தணியவேண்டிய அவசரம் எதுவும் இருப்பதாகவும் அவளுக்குப் படவில்லை.

ஆச்சரியம், யாரும் எழுந்து போகவில்லை. மாரடித்து வாங்கிய சாமான், விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை போலிருக்கிறது. எல்லாரும் நடிகர்களின் வாயையே வெறித்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை மேடையில் நின்று மாமனாரிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ பெரிய சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ஊரே அந்தச் சண்டையைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தபோது அருணா கலகலவென்று சிரித்தாள்.

எல்லாரும் அருணாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விரல் திரையின் ஓரத்தைக் காட்டியது. அங்கே ஒரு ஆடு, மாப்பிள்ளையின் மாலையை முதுகுப் பக்கமாக நின்று பூப்பூவாகத் தின்றுகொண்டிருந்தது. பாதி மாலை போயிருந்தது. சண்டை போடுகிறவனுக்குத் தெரியவில்லை, சண்டையைப் பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை. மணியம்மாள் பார்த்துவிட்டாள், வாயில் இருந்த பாக்கோடு சிரித்தாள். பிறகு பின்வரிசை, பிறகு முன்வரிசை, கடைசியில் ராஜாக்கண்ணுவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

இளவழகன் மட்டும் பெட்டிப் பக்கத்தில், திரைக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தான். அங்கிருந்து அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான், எல்லாரும் நிறுத்திய பிறகும் கொஞ்சநேரம் சிரித்துக்கொண்டிருந்தான்.